வேண்டியவர்

"இந்த விசாரணையிலேர்ந்து நீங்களே விலகிடுங்க மேடம்," என்றார் வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர். "வராந்தாவுல அந்த சீனியர் எதிர்ல வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிறீங்க. கோர்ட் பூரா தெரியும். நாளைக்குத் தீர்ப்பு எப்படி வந்தாலும் பாரபட்சம்பாங்க."

"அதை அவரே சொல்லட்டும் சார். காரணத்தையும் சேர்த்து."

"பிடிவாதத்துல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

குழுவின் உறுப்பினரான அவள் கழுத்துப் பட்டையை மறுபடியும் சரிசெய்துகொண்டாள்.

கட்சிக்காரரை ஏமாற்றியதாகப் புகாருக்கு ஆளான அந்த சீனியர் வக்கீல் உள்ளே வந்து அமர்ந்தார். தலைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்க மூணு பேர்ல யாராவது விசாரிக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"இல்லைங்க. இங்க எனக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல."

அவள் கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

"நான் விலகிக்கிறேன் சார்."

"காரணம்?"

"அவர் என் அப்பா. இன்னிக்காவது நாலு பேர் முன்னாடி அதை அவரே சொல்லுவார்னுதான் உட்கார்ந்திருந்தேன்."