ரெண்டு சவ்வு

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிசான சவ்வு இருக்கு. அதுக்கு நடுவுலதான் உங்க மனைவிக்கு நீர் கோத்திருக்கு" என்றாள் இளம் டாக்டர்.

எதிரே இருந்தவர் திருதிருவென விழித்தார். "அப்போ நுரையீரலுக்குள்ள தண்ணி இல்லையா?"

"இல்லைங்க. அதுக்கு வெளியில, உறைக்குள்ள."

"வெளியிலங்கறீங்க, உள்ளங்கறீங்க. தலையே சுத்துதும்மா. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அவள் ஒரு ரப்பர் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, அதன் நடுவில் முஷ்டியை அமுக்கினாள். "என் முஷ்டிதான் நுரையீரல். சுத்தி ரப்பர் ரெண்டு மடிப்பா இருக்கு பாருங்க. அந்த மடிப்புக்கு நடுவுலதான் நீர். ஊசி போட்டு எடுத்துடலாம்."

அவர் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு வலிக்குமா?"

"மரத்துப்போக மருந்து கொடுப்போம். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குங்க."

மணி அடித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் எழுந்தார். "பரீட்சை முடிஞ்சுதும்மா. நல்லா விளக்கினே. அடுத்த மாணவியை வரச் சொல்லு."

அவள் வெளியேறியதும் நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பினார். "பிரமாதமான நடிப்பு சார்! ஆனா நாங்க எழுதிக் கொடுத்த வசனத்துல 'வலிக்குமா'ங்கற கேள்வியே கிடையாதே?"

"மன்னிச்சுக்குங்க. வருஷக்கணக்கா இந்த நாற்காலியில புரியாத மாதிரி நடிக்கிறேன். நேத்து மேல்மாடி வார்டுல என் வீட்டுக்காரிக்கும் இதேதான்னு என்கிட்ட சொன்னாங்க. அங்க புரிஞ்ச மாதிரி நடிச்சுட்டேன் சார்."