வில்லனுக்குப் பைத்தியமாம்

பொம்மிடி புளி மண்டியின் தகரக் கூரை வெயிலில் முறுமுறுக்கிறது. கொட்டை எடுக்கும் பெண்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுத் தங்கம்மாளின் வாயையே பார்க்கிறார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை அவள் வாசித்து முடிக்கிறாள். மனைவியை அறைக்குள் வைத்துக் கொளுத்திய வில்லனுக்குப் பைத்தியமாம்; எல்லோரும் மன்னித்துவிட்டார்களாம். "ஐயோ பாவம், சித்தம் கலங்குனவன் என்ன பண்ணுவான்?" என்று ராயம்மாள் உச்சுக்கொட்டுகிறாள். பிரிந்து வந்துவிட்ட மருமகள் ராஜமேரியை மகனிடம் திரும்பக் கூட்டிப்போகத்தான் அவள் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறாள். "எம்மவனும் அப்புடித்தான் மேரி. கோவம் வந்தா கிறுக்கு."

ராஜமேரியின் விரலிடுக்கில் புளி பிசுபிசுக்கிறது. முறிந்து கோணலாய்க் கூடிய மணிக்கட்டில் ஈ ஒன்று உட்காருகிறது. அவள் அதை விரட்டாமல் நிமிர்கிறாள்.

"கிறுக்கன்னா அந்த வில்லன் எதுக்குங்க அத்த, வேலைக்காரி போவட்டும்னு காத்திருந்தான்? வெளித்தாப்பா எதுக்குப் போட்டான்?"

"கதைக்குப் போயி மல்லுக்கட்டுறியே!"

"உங்க மவனும் ரேடியோவச் சத்தமா வெச்சிட்டுத்தானே அடிப்பாரு? மொதலாளி முன்னாடி ஒருநாளும் கிறுக்குப் புடிக்கலையே?"

ராயம்மாள் முந்தானையை இழுத்து முகம் துடைக்கிறாள்.

"நான் அந்த வூட்டுக்கு வரலீங்க அத்த. நல்ல புத்தியோடதான் சொல்றேன்."