தலைமாட்டுப் பாய்

லோபெத்தியின் தலைமாட்டில் விரித்திருந்த பாய் காலியாகக் கிடந்தது.

அது அவருடைய அக்கா வைமோவானாவின் இடம். லோபெத்தியின் சவப்பெட்டியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. வாசலில் லோபெத்தியின் தாய்வழிச் சொந்தங்கள் சீர்ப் பாய்களோடு வெயிலில் நின்றார்கள். அக்கா வந்து உட்காராமல் சீரை உள்ளே எடுக்க முடியாது. சீர் வராமல் பெட்டியைத் தூக்க முடியாது.

“இன்னும் வரலியா அந்த மகராசி?” என்றாள் பக்கத்து வீட்டுக் கலோலைன், விசிறிக்குப் பின்னாலிருந்து.

“வருவா. வர்ற சீரெல்லாம் அவளுக்குத்தானே? அள்ளிட்டுப் போக வராம இருப்பாளா?” என்றாள் அடுத்தவள்.

“ஒருவேளை அதை ஏத்திட்டுப் போக வண்டி பிடிக்கப் போயிருக்காளோ என்னவோ.”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த லோபெத்தியின் மனைவி லுபே காதில் அது விழுந்தது. அவள் இடுப்பிலிருந்து மார்பு வரை முரட்டுப் பாய் சுற்றியிருந்தது. இறந்தவருக்குக் கீழ் முறைச் சொந்தம் என்றால் இடுப்பில் கட்டுவது கிழிந்த பெரிய பாய். மேல் முறை என்றால் மெல்லிய சின்னப் பாய். மேல் முறைக்காரர்கள் கூடத்தில் உட்கார்வார்கள். மனைவி தவிர மற்ற கீழ் முறைக்காரர்கள் கொல்லையில் குழி தோண்டிய மண்ணடுப்போடு புகைவார்கள்.

எங்கள் தீவில் தம்பிக்கு அக்கா எப்போதும் மேல் முறை; அவள் கேட்டால் தம்பி கொடுப்பான். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. முதல் கிழங்கு வைமோவானாவுக்கு, கொழுத்த பன்றி வைமோவானாவுக்கு. லுபே எப்போதாவது முகத்தைச் சுளித்தால் லோபெத்தி, “இன்னொரு வரிசை நட்டாப் போச்சு” என்பார். நட்டும்விடுவார்.

ஒருமுறை புயலில் இரண்டு வீட்டுக் கூரைகளும் பறந்தன. அக்கா வீட்டுக் கூரைதான் முதலில் ஏறியது. அதுவரை லுபேயும் பிள்ளைகளும் தார்ப்பாய்க்குள் கிடந்தார்கள். மழை ஒழுகும் மூலை எதுவோ, அங்கே லோபெத்தி படுத்துக்கொண்டார். அக்காவின் கணவர் கடலோடு போன பிறகு அவள் பிள்ளைகளையும் இவர்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எந்தப் பிள்ளை யாருடையது என்று வாத்தியார்களுக்கே கடைசி வரை தெளியவில்லை.

வெளியே ஈரப்பலா மரத்தடியில் ஆண்கள் லோபெத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சு பறிச்சுட்டு வந்து இறங்குறான். நேரா கிழங்குத் தோட்டம். சட்டைகூட மாத்தல.”

“செருப்பை மாத்தினான்.”

“எங்க மாத்தினான்? போட்டுட்டு வந்த புதுச் செருப்பை எனக்குக் குடுத்துட்டு வெறுங்காலோட போனான்யா.”

சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எவ்வளவு உழைச்சு என்ன? தலைமாடு காலியாப் போனா, கூடப் பொறந்தவளே மதிக்காத ஆளுன்னுதான் பேரு நிக்கும்.”

அதுவும் லுபே காதில் விழுந்தது.

தேடப் போயிருந்த மகன் சதேக்கி மூச்சு வாங்க வந்தான்.

“அத்தை வீடு பூட்டியிருக்கும்மா. இருட்டோடவே கிளம்பிட்டாங்களாம்.”

“எங்க?”

“யாருக்கும் தெரியல. வாசல்ல நிக்கிறவங்க கோபமா இருக்காங்கம்மா.”

“உங்கப்பா ஒருநாளாவது யாரையாவது காக்க வெச்சிருக்காராடா?” லுபே எழுந்தாள். “கடைசியில அவரைக் காக்க வெக்கிறா பாரு.”

தண்ணீருக்காகக் கொல்லைப் பக்கம் போனாள். சமையலுக்குத் தலைமையாக நின்ற கொழுந்தன் மனைவி செய்னி ஓடிவந்தாள்.

“அக்கா, அதோ நிக்கிற அம்மா யாரு வீட்டு ஆளு? விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. ஒரு வார்த்தை பேசல, முகத்தையும் காட்டல. கிழங்கு மூட்டையெல்லாம் அவங்கதான் தோலெடுத்தாங்க. ‘ஏ கிழவி, கொஞ்சம் உக்காரு, அடுப்பு ஓடிப்போயிடாது’ன்னு சொல்லிப் பார்த்தேன். கண்டுக்கவே இல்ல.”

புகைக்குள் ஒருத்தி குனிந்து, மண்ணடுப்பின் சூட்டுக் கற்களைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்ததிலேயே கிழிந்த பாய் அவளுடையதுதான். தலை வரை இழுத்து மூடியிருந்தாள்.

“கொஞ்சம் நகருங்கம்மா, நெருப்பு பட்டுடும்” என்று லுபே அவள் தோளைத் தொட்டாள்.

திரும்பிய முகம் முழுக்கக் கரி.

“அண்ணி!”

வைமோவானா புகையில் இருமினாள். செய்னி வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, கிழவின்னு சொல்லிட்டேனே.”

“பொய்யா சொன்னே? கிழவிதானே. அந்தக் கம்பை எடு.”

“நீங்க எதுக்கு அண்ணி இந்தப் பாயைக் கட்டிக்கிட்டு?” லுபே அந்தப் பாயின் ஓரத்தைப் பிடித்தாள். “உங்க இடம் அங்க காலியாக் கிடக்கு. ஊரே காத்திருக்கு.”

“சீரை உள்ள எடுக்கச் சொல்லு. உன் பிள்ளைங்களே வாங்கி வெச்சுக்கட்டும்.”

“அது முறையில்லையே. யாரு சொன்னான்னு கேப்பாங்களே.”

“அத்தை சொன்னான்னு சொல்லு. அத்தை சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்?” வைமோவானா அடுத்த கல்லைப் புரட்டினாள். “அந்தப் பாயை மட்டும் சுருட்டிடாதீங்க. அப்படியே காலியா இருக்கட்டும். இன்னிக்கு என் தம்பிக்கு மேல யாரும் கிடையாது.”