வரும் வெள்ளி முதல்

"ஹவுஸ்ஃபுல். டிக்கெட் இல்ல."

கவுன்ட்டருக்குள் இருந்த மேனேஜர் சங்கரநாராயணன் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே குனிந்துகொண்டு சொன்னார்.

கரோலினால் நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை மேட்னி. திருவொற்றியூர் பவளம் தியேட்டரில் பைக் ஸ்டாண்டே பாதி காலியாகக் கிடக்கிறது.

"சார், ரெண்டே டிக்கெட்டு. எனக்கும் அம்மாவுக்கும்."

"இல்லம்மா. தள்ளிக்கோ."

தள்ளி நின்றாள். பின்னால் வந்த இரண்டு பையன்கள் பணத்தை நீட்டினார்கள். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. 'எங்க வேணா உக்காந்துக்குங்கப்பா' என்று உபசாரம் வேறு.

கரோலினுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னா சார், எங்களுக்கு மட்டும் ஹவுஸ்ஃபுல்லா? அவுங்களுக்குக் கிழிச்சுக் குட்த்துகினு கீறே?"

அவர் சில்லறையை எண்ணுவதில் மும்முரமானார்.

பக்கத்தில் அம்மா அடைக்கலமேரி கூசிப்போய் நின்றாள். காலையில் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவள். மெல்லத் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் வாட கீதாடி?"

மகளால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

போன வருஷம் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கணவன் லியோனார்ட் போனதிலிருந்து, அடைக்கலமேரிக்கு மார்க்கெட்டை விட்டால் வீடு, வீட்டை விட்டால் மாதா கோயில். போன வாரம்தான் அவனுக்கு வருஷப் பூசை வைத்தார்கள். அம்மாவை ஒரு நாளாவது சிரிக்க வைக்கணும் என்று கம்பெனிக்கு லீவு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்திருந்தாள் கரோலின். லியோனார்ட் இருந்தவரை புதுப்படம் என்றால் குடும்பத்தோடு இந்தத் தியேட்டர்தான்.

"எங்கப்பா இருந்தப்போ 'வா லியோனார்ட்'டுன்னு வாசல்லயே வந்து கூப்புடுவியே சார். அவுரு போனதும் நாங்க மீன்காரங்களா பூட்டோமா? நாறுதா உனுக்கு?"

சங்கரநாராயணன் செல்போனை எடுத்து யாருக்கோ போட்டார்.

"அண்ணாச்சி, முழுப் படமும் நீங்களே பார்த்தாச்சா? பாட்டுலகூட இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இங்கே ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள், மனுஷன் அவர்பாட்டுக்குப் படக்கதை பேசுகிறார்!

கரோலின் தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மீன் விக்கிறவங்களுக்கு டிக்கெட் தர மாட்டாராம். எல்லாரும் பாத்துக்கங்க இந்த மூஞ்சிய!"

"போடு சிஸ்டர், நெட்ல போடு. அப்பத்தான் இவுங்களுக்குப் புத்தி வரும்" என்று ஆவேசப்பட்டான், டிக்கெட் வாங்கிய பையன்களில் ஒருவன். பிறகு படம் போட்டுவிடுவார்களே என்று உள்ளே ஓடினான்.

சங்கரநாராயணன் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கோம்மா" என்றார்.

"வுடு கரோ. வூட்டுக்குப் போலாம்." அடைக்கலமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வூட்டுக்கு இன்னாத்துக்கு? ஊர்ல இது ஒண்ணுதான் தியேட்டரா? வா, மாலுக்குப் போலாம். அங்கயும் இதே படந்தான். மரியாதையா உக்கார வெச்சுக் காட்டுவான்."

அதுவரை அசையாமல் இருந்த சங்கரநாராயணன் பதறி எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"பாப்பா, ஒரு நிமிஷம். நீ மட்டும் உள்ள வா."

அம்மாவை வாசலில் விட்டுவிட்டு, சண்டைக்குத் தயாராகவே கரோலின் உள்ளே போனாள். அவர் கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார்.

"மாலுக்கும் போகாத. எங்கயும் இந்தப் படத்துக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போகாத."

"ஏன்?"

"டிரைலர்ல பாட்டும் சண்டையும்தான் காட்டுதான். இடைவேளைக்கு முன்னால படகு கவுந்துருது பாப்பா. பொண்டாட்டி கரையில நின்னு கத்துதா. வெள்ளிக்கிழமை முதல் காட்சியில பார்த்தேன். லியோனார்ட் ஞாபகம் வந்துட்டு. என்னால உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன்."

கரோலினின் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்? நா இன்னான்னாவோ பேசிட்டேனே..."

"அம்மா பக்கத்துல நிக்கும்போது எப்படிச் சொல்ல? காதுல விழுந்தாலே படம் பார்த்த மாதிரிதான. எனக்கு ரெண்டு திட்டு விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

வீடியோவை அழித்தாள். அப்பா போனபிறகு அம்மாவைப் பற்றி இவ்வளவு யோசிக்க வெளியே ஒரு மனுஷன் இருக்கிறார் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அப்பா இருந்திருந்தா சார்..." கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரி, சரி. கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போ. அம்மா பயந்துறப் போறா."

கதவைத் திறந்தாள். வெளியே அடைக்கலமேரி, 'வரும் வெள்ளி முதல்' என்று போட்டு ஒட்டியிருந்த அடுத்த படத்தின் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாழைமரம் கட்டிய பந்தலில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் சங்கரநாராயணன். "வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கு அம்மாவக் கூட்டிட்டு வா. ரெண்டு டிக்கெட் எடுத்து வைக்கேன். உங்களப் பார்த்ததும் விநியோகஸ்தருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். மதுரைப் பக்கம் கல்யாண வீட்டுக் கதையாம். அதுல கடலே இல்லையாம்."