வீட்டுத் தலைவரின் ஜெபம்

"இந்த வீட்டுக்குத் தலைவர் யாரு தங்கச்சி? நீங்களா, அண்ணனா?"

பாஸ்டர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பிலிமத்தலாவையில் யசோதினி வீட்டு முன்னறையில் கூடியிருந்த யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று பல மாதமாகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

ஜெபக்கூட்டம் எந்த வீட்டில் நடந்தாலும் முடிவு ஜெபம் அந்த வீட்டு ஆம்பிளையுடையது. அது அந்தச் சபையின் வழக்கம். இங்கே மட்டும் யசோதினி முந்திக்கொள்வாள்.

ஜெபம் மட்டுமா? அவள் கணவர் ஸ்ரீதரனிடம் "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூடப் பதில் அவளிடமிருந்துதான் வரும். மனுஷன் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பொண்டாட்டி ராஜ்ஜியம் என்று சபையே பேசியது.

"பிதா, குமாரன், ஆவி மூணு பேரும் சமம்," என்றார் பாஸ்டர். "ஆனாலும் குமாரன் பிதாவுக்குக் கீழ்ப்படிஞ்சாரு. குடும்பத்துக்கும் அதே ஒழுங்குதான். சமமா இருந்தாலும் மனைவி அடங்கி நடக்கணும்."

டீச்சர் நிஷாந்தினிக்குப் பொறுக்கவில்லை.

"அது அவரு மனுஷனா பூமியில இருந்த காலத்துல பாஸ்டர். என்னைக்குமே கீழன்னு சொன்னா அப்புறம் எப்படிச் சமம்?"

"புருஷன் தலைன்னு வேதத்துல இருக்கே!"

"அந்தத் தலை மனைவிக்காகத் தன்னையே குடுக்கணும்னும் அதே இடத்துல இருக்கு."

பேச்சு சூடேறியது. திரித்துவத்தை முழுதாக விளங்கிக்கொண்டவர்கள் உலகத்தில் குறைவு. அதை வைத்து அடுத்த வீட்டுப் பெண்ணை அளக்க மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

யசோதினி எந்தப் பக்கமும் சேரவில்லை. கணவன் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கு இதெல்லாம் விளங்காது பாஸ்டர். நான் அடங்காதவள்னே வச்சுக்கங்க. ஜெபத்தை மட்டும் நானே பண்ணிர்றேன்."

"இன்னிக்கு அண்ணன்தான் ஜெபிக்கணும். இல்லேன்னா இனி இந்த வீட்டுல கூட்டம் கிடையாது."

அந்தக் கூட்டத்தை விட்டால் அந்த வீட்டுப் படியேற வேறு ஆளில்லை. அவள் கண் கலங்கியது.

"சரி பாஸ்டர். கூட்டம் வேணாம். அவரைப் பேச வைக்காதீங்க."

எல்லோரும் திகைத்துப்போனார்கள். நிஷாந்தினிக்கே மனம் கசந்தது. இவளுக்காகவா இவ்வளவு நேரம் வாதாடினோம்? புருஷனை ஒரு வார்த்தை பேச விட்டால் குடியா முழுகிவிடும்?

அப்போது ஸ்ரீதரன் மெதுவாக எழும்பினார்.

"நான் ஜெபிக்கிறேன்."

யசோதினி அவர் கையைப் பிடிக்கப் போனாள். பாஸ்டர் தடுத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, மழை இன்னும் விடல. தினுஷன் பேராதனையில இருந்து பைக்ல வந்துக்கிட்டு இருக்கான். ரோட்டுல லொறி ஜாஸ்தி. எம்புள்ளையப் பத்திரமா வீட்டுல கொண்டாந்து சேருங்க. அவன் வந்தாத்தான் நாங்க சாப்பிடுவோம். இயேசுவின் நாமத்துல கேக்குறேன் பிதாவே."

மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தினுஷன் அவர்களுடைய ஒரே மகன். லொறியில் அடிபட்டுச் செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அடக்க ஆராதனை நடத்தியவர் இதே பாஸ்டர்தான். பெட்டியின் பக்கத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்ற ஸ்ரீதரனைக் காட்டி, "விசுவாசமுள்ள தகப்பன்" என்று மெச்சியவரும் அவர்தான்.

அறையில் ஒருவருக்கும் ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

யசோதினி சொன்னாள். பிறகு கணவனின் தோளைத் தொட்டு, "இப்ப வந்துருவான். நீங்க உக்காருங்க," என்றாள்.