ஆஃப் ஆகக் கூடாத கேமரா

“ஒரு நிமிஷம்கூட இது ஆஃப் ஆகப்படாது. அதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் எடுங்கோ.”

மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் வந்திறங்கிய வேங்கடசுப்ரமணியன், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னது இதுதான். கழுத்தில் தொங்கிய கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சயான் ஸ்டேஷன் ரோட்டில் கேமரா சாமான் கடை வைத்திருக்கும் ராஜபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய கல்யாண ஸ்டூடியோக்காரர்களே யோசித்து வாங்கும் மிரர்லெஸ் கேமரா அது. ரிடையர்ட் ஆசாமி கையில் கிடைத்தால் என்ன எடுப்பார்? பறவை எடுப்பார், இல்லாவிட்டால் பேரக் குழந்தையை எடுப்பார். இரண்டில் எதுவானாலும் பை, ஃபில்டர் என்று ஒரு மூட்டை கட்டிவிடலாம்.

“பறவை எடுக்கப் போறியளா சார்?”

“ஒண்ணும் எடுக்கப் போறதில்லை. ஆத்துக்காரி ராஜியைப் பாத்துண்டே இருக்கணும், அவ்வளவுதான்.”

“அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையோ?”

“எழுந்து போயிடறா. நேத்து பேட்டரி தீர்ந்துடுத்து. மாத்திட்டுப் பாக்கறேன், ஆளைக் காணோம். ரொம்ப நாழி கழிச்சுதான் வந்தா.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “ஒரு நாள் வராமயே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

ராஜபாண்டிக்கு விஷயம் பிடிபட்டது. மான்குர்தில் இருந்த அவர் பெரியம்மாவும் இப்படித்தான். மறதி முற்றிய பிறகு, கதவு திறந்திருந்தால் போதும், கால் போன போக்கில் நடந்துவிடுவாள். குடும்பமே ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து தேடியிருக்கிறது. மூட்டை கட்டும் ஆசையை ஓரமாக வைத்தார்.

“அதுக்கு இம்புட்டுப் பெரிய கேமரா எதுக்கு சார்? சின்னதா ஒரு சிசிடிவி மாட்டுங்க, போன்லயே பாத்துக்கிடலாம்.”

“மாட்டியாச்சு. அதுல அவ தெரியல்லே.”

எவனோ கோணம் தப்பி மாட்டிவிட்டுப் போயிருப்பான் என்று ராஜபாண்டி அதை அதோடு விட்டுவிட்டார். பேட்டரி வடிவத்தில் வயர் தொங்கும் ஒரு சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது டம்மி பேட்டரி. பேட்டரி இடத்துல இதைச் சொருகி, வயரை ப்ளக்ல குடுத்தா ராப்பகலா ஓடும்.”

“கரண்ட் போயிடுத்துன்னா?”

“நடுவுல ஒரு பவர் பேங்க் போட்டுத் தாரேன். டென்ஷன் நக்கோ, கவலைய விடுங்க.”

“சூடாயிடுத்துன்னாலும் தானா நின்னுடறதே.”

“கேமரா முதுகுல ஒட்டுத குட்டி ஃபேன் இருக்கு. கார்டு நல்ல ஸ்பீடா ஒண்ணு?”

“ரெக்கார்டெல்லாம் வேண்டாம். பாத்தா போறும்.”

“அப்போ மைக் ஒண்ணு வச்சுக்கிடுங்க. அம்மா லேசா முனகினாக்கூடக் கேக்கும்.”

வேங்கடசுப்ரமணியன் மைக்கைத் தொட்டுப் பார்த்தார். “குரல் கேக்குமா?” என்றார். ராஜபாண்டி தலையாட்டியதும், “அப்போ அதையும் வெச்சுடுங்கோ” என்றார்.

“அது சரி, நீங்க இங்க வந்துட்டிய. அம்மாவ யாரு பாத்துக்கிடுதா?”

“அவளையும் அழைச்சுண்டுதான் வந்திருக்கேன்.”

ராஜபாண்டி வாசலை எட்டிப் பார்த்தார். டாக்ஸி இன்னும் அங்கேதான் நின்றது. கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியதில் உள்ளே இருப்பது தெரியவில்லை. “அப்ப சட்டுனு முடிச்சிருவோம் சார், அம்மா புழுங்கிப் போயிருவாவ” என்று அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

வாங்க வந்தவரின் முகத்தையே கேமராவில் பிடித்துக் காட்டாமல் ராஜபாண்டி எந்தச் சாமானையும் கட்டித் தர மாட்டார். பழைய பேட்டரியை உருவி டம்மி பேட்டரியைச் சொருகினார். அது முடிகிற வரை வேங்கடசுப்ரமணியன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“ஆன் பண்ணிட்டேன் சார். இங்க பாருங்க.”

திரையில் வேங்கடசுப்ரமணியனின் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருக்குப் பக்கத்தில், யாரும் உட்காராத ஸ்டூலுக்கு மேலே, இன்னொரு கட்டம் வந்து நின்றது. ஊதா நிறக் கட்டம். முன்கூட்டியே பதிந்துவைத்த முகத்தைக் கண்டால்தான் இந்தக் கேமரா ஊதா காட்டும்.

“இதுல யார் முகத்தையும் பதிஞ்சு வச்சிருக்கியளா சார்?”

“அவளோடது ஒண்ணுதான். எங்க சதாபிஷேகத்தன்னிக்குப் பையன் பதிஞ்சு குடுத்தான்.”

ராஜபாண்டி கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். கட்டம் அந்த ஸ்டூலை விட்டு நகரவில்லை. வாசலில் நின்ற டாக்ஸியில் வேறு யாரோ ஏறிக் கதவைச் சாத்த, வண்டி கிளம்பிப் போனது. கதவு திறந்தபோது பின்சீட் காலியாக இருந்ததை ராஜபாண்டி பார்த்தார்.

“சுவத்து நிழலை முகம்னு நெனச்சுக்கிடுச்சு போல” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்.”

அவர் விரல் சுவிட்சைத் தொட்டது. திரையில் ஊதாக் கட்டம் மெல்ல நகர்ந்து வெள்ளைக் கட்டத்தை ஒட்டிக்கொண்டது.

வேங்கடசுப்ரமணியன் எட்டி ராஜபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடாமல் பக்கத்து ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

“பயப்படாதே ராஜி, அவர் ஆஃப் பண்ண மாட்டார்.”