ஒரே சட்டிப் பொரியல்

பீட்ரூட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் சம்பந்தம், பை நிறைய அதையே வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது வேதவல்லிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “உடம்புக்கு நல்லதாம், பொரியல் பண்ணு” என்றார். அன்றிலிருந்து தினமும் அதுதான்.

போன வருஷம் அவருடைய சிறுநீர்ப்பையிலிருந்த கட்டியைச் சுரண்டி எடுத்த டாக்டர், ஆரம்பக் கட்டம்தான், ஆனாலும் திரும்ப வரலாம், வந்தால் ஆழமாகவும் இறங்கலாம், சோதனையைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்று காலை கழிவறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். பின்னால் போனவள் வெள்ளைப் பீங்கானில் சிவப்பைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அவள் வெளியே வந்ததும், “பீட்ரூட்தான் வேதா. சாப்பிட்டா அப்படித்தான் போகுமாம்” என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், “உனக்கும் அப்படித்தானே போகுது?” என்று கேட்டார்.

ஒரே சட்டிப் பொரியலைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள். அவளுக்கு ஒருநாளும் அப்படிப் போனதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, எனக்கும் அப்படித்தான்.”

“அப்ப டாக்டர்கிட்ட அடுத்த மாசம் போய்க்கலாம்” என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

மதியம் சாப்பிடும்போது தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் வை” என்றார்.